எங்க வரிசை: சென்னையின் எஃப்சி ஒரு பெரிய கிளப்பான்னு பாத்த கதை

2018 மார்ச் 13, பெரியமேடு நேரு ஸ்டேடியம். ஐஎஸ்எல்னு சொல்ற இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்ல எங்க டீம் சென்னையினுக்கு கோவாவோட செமி ஃபைனல், ரெண்டாவது லெக், ரெண்டு மேட்ச் கோலையும் கூட்டிதான் யாரு ஃபைனல்னு முடிவாகும். அங்க போய் 1-1 டிரா பண்ணிட்டு வந்திருந்தோம், அதனால இங்க ஒரு கோல் வாங்குனாலும் கதை மாறிடும்னு எல்லாருக்கும் வயித்துல ஒரு கலக்கம். முதல் பாதியில எங்க ஸ்ட்ரைக்கர் ஜெஜெ ஒண்ணு அடிச்சாரு. அந்த சத்தம் அடங்கறதுக்குள்ள தனபால் கணேஷ் இன்னொண்ணு அடிச்சாரு.

கணேஷ் வியாசர்பாடி பையன். ஸ்டேடியத்துலருந்து வியாசர்பாடி அஞ்சு கிலோமீட்டர் கூட இருக்காது. மொத்த ஸ்டாண்டும் எந்திரிச்சு குதிக்குது, என் பக்கத்துல ஒக்காந்திருந்த அண்ணன் மட்டும் எந்திரிக்கல, ரெண்டு கையையும் மூஞ்சில வச்சுகிட்டு அப்படியே ஒக்காந்துட்டாரு. "நம்ம ஏரியா பையன்பா"ன்னாரு. அதையே நாலு தடவ சொன்னாரு, ஒவ்வொரு தடவையும் மொத தடவ சொல்ற மாதிரி சொன்னாரு. 80கள்ல சென்னை லீக்ல ஒரு ஆஃபீஸ் டீமுக்கு டிஃபன்ஸ் ஆடுனவரு அவரு, முட்டி போனதுக்கப்புறம் அதே ஆஃபீஸ்ல ரிட்டயர் ஆகற வரைக்கும் வேலை பாத்தவரு.

மேட்ச் 3-0. வெளிய வந்து சென்ட்ரல் பக்கம் நடக்கும்போது ஒரு டீக்கடையில நின்னோம். நான் சந்தோஷத்துல, "அண்ணே, இப்ப நாமளும் பெரிய கிளப்புண்ணே"ன்னேன். அவரு டீய ஆத்திகிட்டே, "பெரிய கிளப்புன்னா இன்னான்ற நீ?"ன்னு கேட்டாரு. ஒரு ஐஎஸ்எல் கப்பு இருக்கு, இன்னும் நாலு நாள்ல இன்னொண்ணு வரப்போவுது, ஓனர் அபிஷேக் பச்சன், தோனின்னு நான் அடுக்குனேன். முழுசா கேட்டுட்டு சொன்னாரு: "எங்க காலத்துல பெரிய கிளப்புன்னா பையனுக்கு வேலை போட்டு குடுக்கறது தம்பி. ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ், இன்கம் டாக்ஸ். கப்பு யாரு வேணா ஜெயிப்பாங்க. பையன் ஆடி முடிச்சப்புறமும் அவன் வூட்ல அடுப்பு எரியுதா, அதான் பெரிய கிளப்பு."

அன்னிக்கு எனக்கு அது பழைய காலத்து பேச்சா தோணுச்சு. நாலு நாள் கழிச்சு பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்துல பெங்களூரு எஃப்சியையே 3-2 ஜெயிச்சு ரெண்டாவது கப்பையும் எடுத்தோம், மைல்சன் ஆல்வ்ஸ் ரெண்டு ஹெட்டர், ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. ஆனா அந்த டீக்கடை பேச்சு மட்டும் உள்ளயே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு சீசனும் அத கெளறி விட்டுகிட்டே இருந்துச்சு. அதனால இத ஒரு கேஸா எடுத்து எழுதிடலாம்னு ஒக்காந்தேன். கேள்வி ஒண்ணுதான், சென்னையின் பெரிய கிளப்பா? அதுக்கு பதில் சொல்லணும்னா ஒரு கிளப்ப எத வச்சு அளக்கறதுன்னு முதல்ல முடிவு பண்ணணும்.

அளக்கறதுக்கு நான் வச்சிருக்கறது எங்க வரிசை. அந்த செமி ஃபைனல் அன்னிக்கு எங்க வரிசையில 9 பேர். நான், அண்ணன், பெரம்பூர்லருந்து வர்ற ஒரு அங்கிள், அவரோட 10 வயசு பொண்ணு, ஒரே காலேஜ்ல படிச்ச மூணு பசங்க, சவுகார்பேட்டைல துணிக்கடை வச்சிருக்கற குடும்பத்துலருந்து ஒரு சேட்டு பையன், அப்புறம் நுங்கம்பாக்கத்துல ஒரு சலூன்ல வேலை பாத்த மிசோரம் தம்பி. அவன் ஜெஜெவுக்காக வந்தவன், ரெண்டு பேருக்கும் ஒரே மாநிலம். யாரும் யாரையும் கூப்ட்டு வந்ததில்ல, அதே எடத்துல ஒக்காந்து ஒக்காந்து பழகுனதுதான். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ்னு ட்ரம்மோட கத்தற கூட்டத்துலருந்து கொஞ்சம் தள்ளி.

கப்பு, காசு, கூட்டம்

பெரிய கிளப்புன்னு சொன்னதும் எல்லாரும் முதல்ல கைய வைக்கறது கப்புமேலதான். அதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அந்த ஓட்டை நம்ம ஊர்லயே இருக்கு.

சென்னை சிட்டி எஃப்சி. ஐஎஸ்எல் தவிர இந்தியாவுல அப்ப நடந்த இன்னொரு தேசிய லீக் ஐ-லீக், அதுல 2018-19 சாம்பியன். பேர்ல சென்னை, ஆடுனது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல. கோச் சிங்கப்பூர்காரர் அக்பர் நவாஸ், முன்னாடி பெட்ரோ மான்சி, அந்த ஸ்ட்ரைக்கர் அந்த சீசன்ல மட்டும் 21 கோல். கடைசி நாள் மினர்வா பஞ்சாப் கூட மேட்ச், முதல்ல கோல் வாங்கிட்டு அப்புறம் 3-1 ஜெயிச்சாங்க, கௌரவ் போரா ரெண்டு கோல். அதே நேரத்துல ஈஸ்ட் பெங்காலும் அவங்க மேட்ச்ச ஜெயிச்சாங்க, 43க்கு 42, ஒரே ஒரு பாயின்ட்ல சாம்பியன்ஷிப். இந்தியாவோட லீக்க தமிழ்நாட்டு கிளப் ஒண்ணு எடுத்துச்சு, ஸ்விட்சர்லாந்துலருந்து எஃப்சி பாசல் வந்து 26 சதவீத பங்கு வாங்குனாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

2021-22 ஐ-லீக்ல அந்தப் பேரே இல்ல. சாம்பியன் ஆகி மூணு வருஷம்கூட முழுசா ஆகல. எனக்கு வலிச்சது அந்த கிளப் போனது மட்டுமில்ல, போனது யாருக்கும் தெரியாததுதான். அண்ணன்கிட்ட சொன்னப்ப, "அப்டியா, எப்ப?"ன்னு கேட்டாரு. ஃபுட்பால்லயே வாழ்ந்த மனுஷன் அவரு. கோயம்புத்தூர்ல அந்த கடைசி நாள் கத்துனவங்களுக்கு நிச்சயமா வலிச்சிருக்கும், அத நான் மறுக்கல. ஆனா பேர்ல இருந்த ஊருக்கு அது ஒரு இழப்பாவே தெரியல.

இங்கிலாந்துலயும் கதை இதேதான். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1979லயும் 1980லயும் வரிசையா ரெண்டு தடவ ஐரோப்பிய கப்பு எடுத்தவங்க, 2005ல மூணாவது டிவிஷனுக்கு இறங்குனாங்க. 2021 ஏப்ரல்ல ஐரோப்பால 12 கிளப் சேந்து சூப்பர் லீக்னு தனி லீக் ஒண்ண அறிவிச்சாங்களே, அதுல ஃபாரஸ்ட் இல்ல, 1982ல அதே கப்ப எடுத்த ஆஸ்டன் வில்லா இல்ல, நாலு தடவ எடுத்த அயாக்ஸ் இல்ல. 1961க்கப்புறம் லீக்கே ஜெயிக்காத டாட்டன்ஹாம் இருந்துச்சு. ஏன்னா அங்க அளந்தது காசு. யாரு எவ்ளோ சம்பாதிக்கறாங்க, டிவில யாரு ஓடுவாங்க, அவ்ளோதான். அந்த லிஸ்ட்டு எத்தன நாள் தாங்குச்சுன்னு பாருங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி அறிவிப்பு, செவ்வாக்கிழமை செல்சி ரசிகர்களே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் வாசல்ல பஸ்ஸ மறிச்சு நின்னாங்க, அன்னிக்கு ராத்திரியே இங்கிலாந்து கிளப் ஆறும் வெளிய வர ஆரம்பிச்சிடுச்சு. காசு வச்சு பெருசுன்னு முடிவு பண்ணவங்கள ரோட்டுல நின்ன ஆளுங்க ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிட்டாங்க.

அப்ப கூட்டம்தான் அளவா? கேரளா பிளாஸ்டர்ஸ எடுத்துக்கங்க. 2014, 2016, 2021-22, மூணு தடவ ஐஎஸ்எல் ஃபைனல் போய் மூணும் தோத்தாங்க, அந்த ட்ராஃபி ஒரு தடவகூட கைக்கு வரல. ஆனா 2015 சீசன்ல கொச்சில சராசரியா 50,000 பேருக்கு மேல வந்தாங்க, அந்த சீசன் அவங்க கடைசி எடம்! அவங்க ரசிகர் கூட்டம் மஞ்சப்படை இங்க சென்னைக்கு வந்தாங்கன்னா நம்ம ஸ்டேடியத்துலயே ஒரு பக்கம் முழுசா மஞ்சளாயிடும். எங்க ஊர்ல எங்களவிட அவங்க சத்தமா கத்துன நாளெல்லாம் இருக்கு, அத சொல்றப்ப இன்னிக்கும் எனக்கு தொண்டை அடைக்குது. ரெண்டு கப்பு வச்சிருக்கறவன் நான், ஒரு கப்பும் இல்லாதவன் என் வீட்ல வந்து என்னவிட சத்தமா நிக்கறான்.

கூட்டம்ன்றது உண்மைக்கு கிட்ட வருது, ஆனா அதுவும் முழுசா இல்ல. 2014ல நமக்கும் கூட்டம் வந்துச்சு. பிரேசில்காரர் எலானோ ஃப்ரீ கிக் போட நின்னா ஸ்டேடியமே மூச்ச புடிச்சுக்கும், இத்தாலிக்காரர் மட்டெராசி பிளேயர்-மேனேஜர், முதல் சீசன்லயே டேபிள்ல முதல் எடம், செமி ஃபைனல்ல பிளாஸ்டர்ஸ்கிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல, ரெண்டு லெக்கும் சேத்து 4-3ன்னு தோத்தோம். புதுசா ஒண்ணு வந்தா பாக்க வர்ற கூட்டம் எந்த ஊர்லயும் வரும். எப்ப வந்த கூட்டம்ன்றதுதான் முக்கியம்.

தோத்த வருஷம்

ரொம்ப நாள் யோசிச்சு நான் வந்து நின்ன எடம் இதுதான். ஒரு கிளப்போட நல்ல வருஷத்த பாத்தா ஒண்ணும் தெரியாது, மோசமான வருஷத்த பாக்கணும், அதுவும் இருக்கறதுலயே மோசமான வருஷத்த. அப்ப யாரு வர்றாங்க, ஏன் வர்றாங்க.

இப்ப நம்ம பசங்க டர்ஃப்ல போட்டுட்டு ஆடற மான்செஸ்டர் சிட்டி ஜெர்சி இருக்குல்ல, அந்த கிளப் 1998-99ல மூணாவது டிவிஷன்ல ஆடுச்சு. இப்ப இருக்கற அபுதாபி ஓனர் காசு வர்றதுக்கு 9 வருஷம் முன்னாடி. அந்த மூணாவது டிவிஷன் மேட்ச்சுகளுக்கு சராசரி 28,000 பேருக்கு மேல வந்தாங்க. 1999 மே 30, வெம்பிளில மேல் டிவிஷனுக்கு ஏறுறதுக்கான பிளே-ஆஃப் ஃபைனல், ஜில்லிங்ஹாம் கூட, 90 நிமிஷம் வரைக்கும் 0-2. நெறைய பேரு எந்திரிச்சு வெளிய போயாச்சு. சிட்டிக்கு ஹார்லாக் ஒண்ணு அடிக்கறாரு, இஞ்சுரி டைம் அஞ்சாவது நிமிஷம் டிக்காவ் இன்னொண்ணு அடிக்கறாரு, அப்புறம் பெனால்டில ஜெயிக்கறாங்க. சிட்டி காசால பெருசாச்சுன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. எனக்கு அதுல பாதிதான் ஒத்துக்க முடியுது. கப்பு காசுல வந்துச்சு, சரி. ஆனா கப்பு வர்றதுக்கு முன்னாடியே, மூணாவது டிவிஷன்ல மழைல நின்னுகிட்டிருந்த அந்த 28,000 பேர் எந்த காசுல வந்தாங்க?

அதே ஊரு இன்னொரு கிளப், யுனைடெட், 1974ல ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்குனப்ப அந்த சீசன் சராசரி 48,000க்கு மேல, மேல் டிவிஷன்ல இருந்த எந்த கிளப்புக்கும் அவ்ளோ வரல. கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் 2012ல திவாலாகி நாலாவது டிவிஷன்ல போய் நின்னாங்க, முதல் ஹோம் லீக் மேட்ச் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் கூட, 49,118 பேர். நாலாவது டிவிஷன்! சண்டர்லாந்து மூணாவது டிவிஷன்ல இருந்தப்ப 2018 டிசம்பர் 26 அன்னிக்கு 46,039 பேர். இந்த நம்பரையெல்லாம் நான் சும்மா மனப்பாடமா வச்சிருக்கேன், மத்தவங்க கோல் எண்ணிக்கைய வச்சிருக்கற மாதிரி.

கல்கத்தாவுக்கு வந்தா இது இன்னும் நல்லா புரியும். மோகன் பகான் 1889ல ஆரம்பிச்சது, 1911 ஜூலை 29 அன்னிக்கு ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்ட 2-1 ஜெயிச்சு ஐஎஃப்ஏ ஷீல்டு எடுத்தாங்க, அணியில பெரும்பாலானவங்க வெறுங்காலோட, எதிர்ல பூட்ஸ் போட்ட வெள்ளக்காரன் பட்டாளம். அது ஒரு ஃபுட்பால் மேட்ச்சா மட்டுமா அந்த ஊருக்கு இருந்திருக்கும்? ஈஸ்ட் பெங்கால் 1920. பிரிவினைல கிழக்குலருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்களுக்கு சொந்தம்னு சொல்லிக்க ஒரு பேரு வேணும், அந்தப் பேரு அந்த கிளப்பு. 1997ல சால்ட் லேக் ஸ்டேடியத்துல இந்த ரெண்டு கிளப்பும் மோதுன ஃபெடரேஷன் கப் செமி ஃபைனலுக்கு 1,31,000 பேர் உள்ள இருந்தாங்க, ஈஸ்ட் பெங்காலுக்கு பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக்.

அந்த ஈஸ்ட் பெங்கால் ஐஎஸ்எல்லுக்கு வந்த முதல் மூணு சீசன் 9, 11, 9. மோகன் பகான் கூட மோதற டெர்பில நாலு வருஷத்துக்கு மேல ஜெயிக்கவே இல்ல. ஆனாலும் டெர்பின்னா ஸ்டேடியம் ரொம்புச்சு. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கப், அந்த தொடர் தோல்விய 1-0ல உடைச்ச கோல அடிச்சது யாரு தெரியுமா? நந்தகுமார் சேகர். சென்னை. அண்ணன் அன்னிக்கு எனக்கு போன் பண்ணி ஒண்ணுமே பேசல, சும்மா சிரிச்சுகிட்டே இருந்தாரு. நம்ம பையன், ஆனா அவன தோள்ல தூக்குனது கல்கத்தா.

நம்ம மோசமான வருஷம்

சென்னைக்கு வருவோம். சென்னையினோட வரலாற்றுல ரெண்டு எடத்த பக்கத்துல வச்சு பாக்கணும்.

முதல்ல 2015 டிசம்பர் வெள்ளம். அப்ப நாங்க ஜாஃபர்கான்பேட்டைல வாடகைக்கு இருந்தோம், அடையாத்துக்கு கிட்ட. ராத்திரி தண்ணி உள்ள வந்து ஃப்ரிட்ஜ் மெதந்து கதவ அடைச்சுகிச்சு, மாடி வீட்ல போய் ஒக்காந்தோம். அந்த நேரத்துல சென்னையின் செமி ஃபைனல், இங்க ஆட வழியே இல்ல, ஹோம் லெக்க புனேக்கு மாத்துனாங்க. அங்க போய் கல்கத்தாவ 3-0 ஜெயிச்சாங்க, அங்கிட்டு 1-2 தோத்தாலும் ஃபைனல் வந்தாச்சு. டிசம்பர் 20, கோவா ஃபட்டோர்டா. எங்க டிவி போயிடுச்சு, மாடி வீட்டு டிவில பாத்தோம், ப்ளீச்சிங் பவுடர் வாசனை, மாடிப்படி ஃபுல்லா சேறு காஞ்சு ஒட்டிருக்கு, செருப்ப எங்க விடறதுன்னுகூட தெரியல. 87வது நிமிஷம் கோவா 2-1. மாடி வீட்டு அக்கா ஃபுட்பாலே பாக்காதவங்க, "போச்சாப்பா?"ன்னு கேக்கறாங்க. 90வது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கை பட்டு சேம் சைடு கோல். இஞ்சுரி டைம்ல நம்ம மெண்டோசா. 3-2. அந்த அக்கா அழுதாங்க. நானும்தான். 20 நாளா அடக்கி வச்சிருந்தது அந்த கோலுக்கு வெளிய வந்துச்சு.

அன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் சென்னையின் எந்த பெரிய கிளப்புக்கும் குறைஞ்சதில்ல. அத நான் யாருகிட்ட வேணா சொல்லுவேன்.

ரெண்டாவது, 2018-19. சாம்பியனா இறங்கி 18 மேட்ச்ல 2 ஜெயிச்சு, 9 பாயின்ட்டோட கடைசி எடம். அந்த ரெண்டு வெற்றில ஒண்ணுதான் ஹோம், 2019 பிப்ரவரி, பெங்களூரு எஃப்சிய 2-1. அந்த வருஷம் சாம்பியன் ஆனதும் அவங்கதான்! அந்த மேட்ச் அன்னிக்கு எங்க வரிசையில 5 பேர். காலேஜ் பசங்க மூணு பேரும் வரல, சேட்டு பையன் ரெண்டு மேட்ச்சா காணும். பக்கத்து வரிசைங்க இன்னும் மோசம், முன்னாடி ரெண்டு வரிசை மொத்தமா காலி, நாற்காலில தூசி. கோல் விழுந்தப்ப எங்க சத்தம் எதிர் ஸ்டாண்ட்ல பட்டு திரும்பி வந்துச்சு. 40,000 பேர் ஒக்கார்ற எடத்துல அந்த எதிரொலி வரக்கூடாது, அது கேட்டாலே வயிறு பிசையும்.

அங்கதான் சண்டர்லாந்தும் நாமளும் பிரியறோம். அவங்க கீழ போனப்ப ஆளு வந்தாங்க, நாம கீழ போனப்ப பாதி ஆளு போயிட்டாங்க. ஐஎஸ்எல் கப்பு எண்ணிக்கைல மேல இருக்கற கிளப்புங்கள்ல ஒண்ணு நாம, ஆனா அந்த ஒரு சீசன்ல எங்க பலம் எவ்ளோன்னு தெரிஞ்சு போச்சு.

சென்னைக்காரனுக்கு விசுவாசம் கிடையாதுன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, அது பொய். 2016, 2017 ரெண்டு வருஷம் சிஎஸ்கே தடைல இருந்துச்சு. திரும்பி வந்த 2018ல காவிரி போராட்டத்தால சேப்பாக்கத்துல ஒரே ஒரு மேட்ச்தான் நடந்துச்சு, மீதி ஹோம் மேட்ச்செல்லாம் புனே. சென்ட்ரல்லருந்து விசில்போடு எக்ஸ்பிரஸ்னு தனி ரயில்ல ஆயிரம் பேர் கிட்ட புனே போனாங்க. அதே புனே, 2015ல நம்ம ஃபுட்பால் டீம் போன அதே ஊரு. ஊரு ஒண்ணு, அந்த ஊருக்குள்ள இருக்கற பாசமும் இருக்கு. அது ஏன் நேரு ஸ்டேடியத்துக்கு வந்து தங்கல?

நான் பாத்த வரைக்கும் காரணம் இப்படி. 2020 ஃபைனலுக்கு போனோம், கோச் ஓவன் காய்ல் பாதி சீசன்ல வந்து தூக்கி நிறுத்துன டீம், வால்ஸ்கிஸ் 15 கோல், கோவால கல்கத்தா டீம் ஏடிகே கூட 3-1 தோத்தோம், கொரோனாவால ஸ்டாண்ட்ல ஒரு ஆள் கெடையாது. அதுக்கப்புறம் ரெண்டு சீசன் முழுசா கோவால அடைச்சு வச்சு ஆடுனாங்க. 2022 அக்டோபர் வரைக்கும் இந்த ஊர்ல நம்ம டீம் ஒரு ஐஎஸ்எல் மேட்ச்கூட ஆடல. கடைசி எடம் வந்தப்ப விட்டுப் போனவங்க திரும்பி வர்ற நேரத்துலதான் கதவ சாத்துனாங்க. நூறு வருஷ கிளப்புக்கு ரெண்டரை வருஷம் ஒண்ணுமில்ல, ஆறு வயசு கிளப்புக்கு அது ரொம்ப பெரிய காலம். ஸ்டேடியமும் நம்மளது இல்ல, அரசாங்கத்தோடது, ஸ்டாண்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஓடுற ட்ராக் வேற, பிளேயர் மூஞ்சி தெரியாத தூரம்.

ஆனா இதெல்லாத்தையும்விட அண்ணன் சொன்னதுதான் அடியில கெடக்குதுன்னு இப்ப நெனைக்கறேன். மெட்ராஸ்ல ஃபுட்பால் ரெண்டு எடத்துல வளந்துச்சு. ஒண்ணு ஆஃபீஸ் டீமு, இன்னொண்ணு ஏரியா. வியாசர்பாடி, பெரம்பூர், காசிமேடு பக்கம் ஞாயித்துக்கிழமை டீமுக்கு ஏழு பேர் ஆடற செவன்ஸ் டோர்னமென்ட் நடந்தா தெருவே வந்து நிக்கும், மைக்ல ஒருத்தர் தொண்டை கிழிய கமென்ட்ரி சொல்லுவாரு, ஜெயிச்ச டீமுக்கு ஆளுயர ஷீல்டு. அந்த ஆளுங்களுக்கு டீம்னா ஒண்ணு சோறு, இல்ல தெரு. கல்கத்தாவுல இந்த ரெண்டு பாசத்தையும் கிளப் உள்ள இழுத்துகிச்சு. இங்க அது ஆஃபீஸ்லயும் தெருவுலயும் தனித்தனியா நின்னுடுச்சு. ஆஃபீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஆள் எடுக்கறது கொறைய கொறைய ஒரு பக்கம் காஞ்சு போச்சு. சென்னையின் 2014ல வந்தப்ப மேலருந்து எறங்குன கிளப், தெருவுலருந்து ஏறுனது இல்ல. கணேஷ் கோல் அடிச்ச அன்னிக்கு மட்டும் அந்த ரெண்டும் ஒரு நிமிஷம் ஒட்டுச்சு. அண்ணன் மூஞ்ச மூடிகிட்டது அதுக்குத்தான்.

அவருகிட்ட இத சொன்னேன். "அதான் அன்னிக்கே சொன்னேன்ல"ன்னு சொல்லுவாருன்னு பாத்தேன், சொல்லல. "வேலையும் முக்கியம்தான் தம்பி, ஆனா எங்க ஆஃபீஸ் டீம மூடுனப்ப ஸ்டாண்ட்ல அழ ஒருத்தன்கூட இல்ல. நாங்க ஆடுனவங்கதான் அழுதோம்"னாரு. முப்பது வருஷம் கழிச்சும் அத சொல்றப்ப குரல் எறங்கிடுச்சு. அப்ப அவரு சொன்ன அளவும் பாதி, நான் சொன்ன அளவும் பாதி. கிளப்ப நடத்தறவனுக்கும் ஆடறவனுக்கும் வெளிய, சம்பந்தமே இல்லாத ஒருத்தன் அது இல்லன்னா ராத்திரி தூங்க மாட்டான்னா அதுதான் பெருசு. அந்த மாதிரி ஆளு ஒரு சீசன்ல உருவாக மாட்டான், பெரும்பாலும் வீட்லருந்துதான் வருவான், அப்பன் கைய புடிச்சுகிட்டு.

அதனால என் முடிவு, சென்னையின் இன்னும் பெரிய கிளப் இல்ல. எழுதறப்ப கை வலிக்குது, ஆனா உண்மை. ரெண்டு கப்பு இருந்தும் இல்ல. பிளாஸ்டர்ஸ் ஒரு ஐஎஸ்எல் கப்பும் இல்லாமயே பெரிய கிளப். சென்னை சிட்டி சாம்பியன் ஆகியும் கடைசி வரைக்கும் பெரிய கிளப் ஆகல. நாம ரெண்டுக்கும் நடுவுல நிக்கறோம், எந்தப் பக்கம் போவோம்ன்றது இன்னும் தீரல.

எங்க வரிசைய வச்சு சொல்றேன். 2022ல திரும்ப கேட்டு தொறந்தப்ப நாங்க 3 பேர், நான், அண்ணன், பெரம்பூர் அங்கிள். மிசோரம் தம்பி கொரோனால ஊருக்கு போனவன் ஐஸ்வால்லயே தங்கிட்டான். 2024-25 நல்ல சீசன் இல்ல, 11வது எடம். அந்த சீசன் பாதியில ஒரு நாள் நானும் அண்ணனும் போய் ஒக்காந்தா ஏற்கனவே மூணு பொண்ணுங்க எங்க எடத்துல. ஒண்ணு பெரம்பூர் அங்கிளோட பொண்ணு. 2018ல 10 வயசு, இப்ப 17. அண்ணன் கேட்டாரு, "அப்பா வரலியாமா?" "அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் தாத்தா, நான் என் ஃப்ரெண்ட்ஸ கூட்டிட்டு வந்தேன்"னு சொல்லிட்டு அவங்களுக்கு ஆஃப்சைடு சொல்லி குடுத்துகிட்டிருந்தா, பாப்கார்ன கைப்பிடி மேல வரிசையா வச்சு. அவ சொன்னது சரியாவும் இருந்துச்சு.

அப்புறம் 2025 ஆகஸ்ட். லீக்க யாரு நடத்தறது, ஒப்பந்தம் என்னாகறதுன்னு இழுபறி, சீசன் நடக்குமான்னே தெரியல, கிளப்புங்க ஒண்ணொண்ணா நிறுத்தி வச்சுச்சு, சென்னையினும் டீமோட வேலைகள நிறுத்தி வச்சுட்டாங்க. மேட்ச்சே இல்ல, தோக்கறதுக்குகூட ஒண்ணும் இல்ல, இதவிட மோசமான வருஷம் ஒரு கிளப்புக்கு இருக்காது. அந்த ராத்திரி எனக்கு முதல் போன் அண்ணன்கிட்டருந்து. அடுத்தது அந்தப் பொண்ணு அவங்க அப்பா போன்லருந்து. காலேஜ் பசங்கள்ல ஒருத்தன் இப்ப பெங்களூர்ல வேலைல இருக்கான், ஆறு வருஷமா பேசாதவன், அவன் மெசேஜ் பண்ணான். 11 மணிக்கு மேல ஐஸ்வால்லருந்து ஒரு வாய்ஸ் நோட், சலூன்ல கத்துகிட்ட தமிழ் இன்னும் மறக்கல அவனுக்கு. "அண்ணா, டீம் இருக்குமா?"

ஒம்போதுல நாலு பேர், நானும் சேத்து அஞ்சு. அன்னிக்கு ராத்திரி நான் அத எழுதி வச்சிருக்கேன், தேதி போட்டு.